லீவுக்கு தாத்தா வீடு, தாத்தாவுக்கோ உடம்பு சரியில்ல: வாசகர் கேள்வி பதில்

ஏப்ரல் பாதி தாண்டிட்டா நம்ம பகுதிக்கு வர்ற கேள்வியெல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சிடும். ஊருக்கு போகணும், பிள்ளைங்க லீவு விட்டாச்சு, ஆனா அங்க பெரியவங்களுக்கு முடியல, போறதா வேணாமா? இந்த தடவை வந்ததுல நாலு எடுத்திருக்கேன். பேரு போடாதீங்கன்னு எல்லாருமே கேட்டுக்கிட்டதால ஊரு மட்டும் போட்டிருக்கு. முதல் பதில் கொஞ்சம் நீளம்தான், நான் நர்ஸா ரொம்ப வருஷம் குப்பை கொட்டினது டயாலிசிஸ் வார்டுல, அதைப் பத்தி ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது, பொறுத்துக்கோங்க.

அம்பத்தூர்ல இருந்து ஒரு வாசகி: அக்கா, ஒவ்வொரு மே மாசமும் பிள்ளைங்கள கூட்டிட்டு கோவில்பட்டி பக்கத்துல என் வீட்டுக்காரர் ஊருக்கு போயிடுவோம், ஒரு மாசம் இருந்துட்டு ஸ்கூல் திறக்கறப்பதான் திரும்புவோம். போன வருஷம் கடைசியில இருந்து மாமாவுக்கு டயாலிசிஸ் ஓடுது, செவ்வாய் வியாழன் சனி, டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக இடது கையில ஆபரேஷன் பண்ணி ஃபிஸ்டுலா போட்டிருக்காங்க. அத்தை தினமும் போன் பண்ணி வாங்க வாங்கங்கறாங்க, பேரப்பிள்ளைங்கள பார்த்தாலே அவருக்கு பாதி சரியாயிடும்னு சொல்றாங்க. ஆனா அங்க கூடவே இருந்து பார்த்துக்கறது என் கொழுந்தன் சம்சாரம், அவ நேத்து தனியா போன் பண்ணி "அக்கா, இந்த வருஷம் கொஞ்சம் பார்த்துக்கோங்களேன்"னு இழுத்தா. பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 5. போகலாமா? போனா பிள்ளைங்ககிட்ட என்னன்னு சொல்றது? மாமாவுக்கு என்ன வாங்கிட்டு போறது?

பதில்: போங்க தங்கச்சி. ஆனா ஒரு மாசம் வேணாம், ஒரு வாரம் போதும், அதுவும் விருந்தாளியா போகாதீங்க.

உங்க கொழுந்தன் சம்சாரம் இழுத்தா பாருங்க, அந்த இழுப்பைத்தான் நீங்க முதல்ல கேட்கணும். அத்தை கூப்பிடறது பாசம், அதுல தப்பே இல்ல, ஆனா அடுப்படியில நிக்கிறது யாரு? வாரத்துல மூணு நாள் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, மாமாவுக்கு உப்பு குறைச்சு தனி சமையல், வீட்டுக்கு ஒரு சமையல், ஆட்டோ சொல்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி, மெஷின் போட்டு எடுக்க 4 மணி நேரம், அதுக்கு முன்ன பின்ன காத்திருக்கறதெல்லாம் சேர்த்தா பாதி நாள் போயிடும், திரும்பி வந்து மறுபடி அடுப்படி. இந்த வீட்டுக்குள்ள நாலு பேரு பெட்டியோட இறங்கினா மாவு ரெண்டு மடங்கு ஆட்டணும், துணி ரெண்டு மடங்கு, மத்தியானம் தூங்க இடமும் கிடையாது. அவ வேணாம்னு சொல்றது உங்கள இல்ல, அந்த வேலையத்தான்.

அதனால அத்தைக்கு போன் பண்றதுக்கு முன்னாடி அவளுக்கு பண்ணுங்க. "நாங்க ஒரு வாரம் வர்றோம், முதல் நாள் நீ எனக்கு எல்லாம் காட்டிக் கொடு, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் கூட்டிட்டு போவாரு, அடுப்படி என்னோடது, நீ பிள்ளையோட உன் அம்மா வீட்டுக்கு போயி நாலு நாள் இருந்துட்டு வா"ன்னு சொல்லிப் பாருங்க, குரலே மாறும். இதை சும்மா வாய் வார்த்தையா சொல்லிட்டு அங்க போயி கட்டில்ல உக்காந்து காபி கேட்டீங்கன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் நம்ப மாட்டா.

எப்ப போறதுங்கறதுல ஒரு கணக்கு இருக்கு. மெஷின் போட்ட அன்னிக்கு மனுஷன் துவைச்சு பிழிஞ்ச துணி மாதிரி ஆயிடுவாரு, பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், சாயங்காலம் வரைக்கும் பேச்சே இருக்காது. மறுநாள்தான் தெளிவு. செவ்வாய் வியாழன் சனின்னா உங்க பிள்ளைங்களுக்கு தாத்தா கிடைக்கறது ஞாயிறு, புதன், வெள்ளி. திங்கக்கிழமைய தனியா கவனிங்க, சனிக்கு அப்புறம் செவ்வாய் வரைக்கும் நடுவுல ரெண்டு முழு நாள் மெஷின் இல்ல, உடம்புல தண்ணி சேர்ந்துகிட்டே வரும், திங்க ராத்திரி படுத்தா மூச்சு வாங்குதுன்னு எழுந்து உக்காருவாங்க சில பேரு, அப்படி ஆச்சுன்னா செவ்வாய் காலையில பார்த்துக்கலாம்னு விடாம உடனே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிடணும். அதனால சனி ராத்திரி ரயில் ஏறி ஞாயிறு காலையில இறங்கினீங்கன்னா நல்லது. ரிசர்வேஷன் இப்ப 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, முன்ன மாதிரி 120 நாள் இல்ல, மே மாசத்துக்கு இந்நேரம் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்தான் இருக்கும், தட்கல்னா முதல் நாள் காலையில ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 5 வயசு முடிஞ்ச பிள்ளைக்கு தனி பெர்த் கேட்டா முழு டிக்கெட், உங்க பெர்த்துலயே படுக்க வெச்சுக்கறேன்னா அரை டிக்கெட்.

இப்ப பிள்ளைங்க விஷயம். ரயில் ஏறறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அங்க போயி அவங்களே கண்டுபிடிக்க விடாதீங்க. "தாத்தாவுக்கு கிட்னி வேலை செய்யல, ரத்தத்துல இருக்கற அழுக்கையும் தேவையில்லாத தண்ணியையும் அதுதான் வெளிய தள்ளணும், இப்ப அந்த வேலைய ஒரு மெஷின் செய்யுது." சின்னவளுக்கு இது போதும். கூடவே ரெண்டு விஷயம் கண்டிப்பா சொல்லணும்: இது யாருக்கும் தொத்தாது, இது யாரு செஞ்ச தப்பாலயும் வரல. 5 வயசு பிள்ளை, போன லீவுல நான் தாத்தா முதுகுல ஏறி குதிச்சேன்ல அதான் இப்படி ஆயிடுச்சுன்னு தனக்குள்ளயே முடிவு பண்ணிக்கும், வாய் திறந்து சொல்லாது. நம்ம ஆளுங்க வேற சும்மா இருக்க மாட்டாங்க, "சத்தம் போடாதடி, உன்னாலதான் தாத்தாவுக்கு தலை வலிக்குது"ன்னு போற போக்குல ஒண்ணு சொல்லிட்டு போவாங்க. அந்த ஒரு வரியை மட்டும் வீட்ல யாரும் சொல்லக் கூடாதுன்னு அத்தைகிட்டயும் சேர்த்தே சொல்லி வைங்க. தாத்தா கறுத்து மெலிஞ்சிருப்பாரு, எப்பவும் சொறிஞ்சுகிட்டே இருப்பாரு, அந்த அரிப்பும் கிட்னியாலதான், அதையும் முன்னாடியே சொல்லிட்டா பிள்ளைங்க முகத்தை சுளிக்காது.

"தாத்தா செத்துப் போயிடுவாரா?"ன்னு 9 வயசு கேட்கும். ச்சீ, அபசகுனமா பேசாதேன்னு வாயை மூடினா அப்புறம் உங்ககிட்ட எதையுமே கேட்காது. இந்த மெஷின் போட்டுக்கிட்டு நிறைய பேரு வருஷக்கணக்கா இருக்காங்க, தாத்தாவும் அதுக்குத்தான் போறாரு, ஆனா வயசாயிடுச்சு, நோயும் பெரிய நோய்தான், ஏதாவது மாறினா உங்கிட்ட மறைக்க மாட்டோம்னு சொல்லுங்க. சொன்னா மறைக்கவும் கூடாது.

பெரியவன் கணக்குல ஆர்வம் இருக்கறவனா இருந்தா இது அவனுக்கு பிடிக்கும். மெஷின் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 250 மில்லி ரத்தத்தை வெளிய எடுத்து சுத்தம் பண்ணி உள்ள விடுதுன்னு வைங்க, 4 மணி நேரத்துக்கு 60 லிட்டர். பெரியவங்க உடம்புல மொத்த ரத்தமே 5 லிட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், அப்ப அது எத்தனை தடவை சுத்தி வருதுன்னு வகுத்துப் பாருன்னு விடுங்க. இன்னொண்ணு, அந்த மெஷின்ல ரத்தத்துக்கு பக்கத்துல ஓடற திரவம் நிமிஷத்துக்கு 500 மில்லி, ஒரு தடவைக்கு 120 லிட்டர் ஆகுது. அவ்வளவு தண்ணில சுத்தம் பண்ணிட்டு வர்ற மனுஷனுக்கு குடிக்க மட்டும் அளந்துதான். வார்டுக்குள்ள பிள்ளைங்கள பொதுவா விட மாட்டாங்க, விட்டாலும் கூட்டிட்டு போகாதீங்க, ஊசி போடற இடத்தை சின்னவ பார்த்தா ராத்திரி தூங்க மாட்டா. வீட்ல ஒரு நோட்டு போட்டு, போறப்ப எடை வந்தப்ப எடைன்னு பெரியவன எழுதச் சொல்லுங்க, அன்னிக்கு எவ்வளவு தண்ணி எடுத்தாங்கன்னு அவனே கழிச்சு சொல்வான்.

ஃபிஸ்டுலா கை. இது முக்கியம். ரத்தக்குழாய் ரெண்டை ஆபரேஷன் பண்ணி சேர்த்திருக்காங்க, அந்த கையில பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமா வாட்ச் கட்டக் கூடாது, தலைக்கு அடியில வெச்சு படுக்கக் கூடாது, பிள்ளைங்க அதைப் பிடிச்சு தொங்கவும் கூடாது. அதுக்காக தொடாதே தொடாதேன்னு விரட்டினா தாத்தாவே பயமாயிடும். முதல் நாளே தாத்தாவை உக்கார வெச்சு, சின்னவளோட விரலை அந்த இடத்து மேல மெல்ல வைக்கச் சொல்லுங்க, உள்ள கிர்ர்ருன்னு ஒரு அதிர்வு ஓடும், பூனைய மடியில வெச்சா வருமே அதேதான், என் வார்டுக்கு அப்பாவை பார்க்க வாசல் வரைக்கும் வந்த பிள்ளைங்க எத்தனையோ பேரு அதை தொட்டதும் சிரிச்சிருக்காங்க. அந்த அதிர்வு இருந்தா கை நல்லா இருக்குன்னு அர்த்தம், இது தாத்தாவோட ஊசிக் கை, நமக்கு வலது கைன்னு சொல்லிக் கொடுத்துட்டா போதும், அப்புறம் அவளே ஊருக்கெல்லாம் சொல்வா. பெரியவங்களுக்கு ஒண்ணு: அந்த அதிர்வு நின்னு போச்சுன்னா தைலம் தேய்ச்சுக்கிட்டு உக்காராம அன்னிக்கே ஆஸ்பத்திரி, ரத்தம் கசிஞ்சு நிக்கலைன்னா அந்த இடத்தை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே 108க்கு அடிங்க.

தண்ணி. அக்னி நட்சத்திர வெயில்ல, சுத்தி எல்லாரும் பானைத் தண்ணிய சொம்பு சொம்பா குடிக்கிறப்ப, ஒரு நாளைக்கு ஒரு லிட்டரோ அதுக்கும் கம்மியாவோ அளந்து குடிக்கறது சாதாரண தண்டனை இல்ல. டாக்டர் சொன்ன அளவுல காபி, மோர், ரசம், கஞ்சி, ஐஸ்கட்டி எல்லாமே சேரும். நீங்க செய்ய வேண்டியது, பிள்ளைங்க அவரு முன்னாடி ரஸ்னா கலக்கிட்டு உக்காராம பார்த்துக்கறது. இன்னொண்ணு, பெரியவன போலீஸ் ஆக்கிடாதீங்க. "அப்பா, தாத்தா இன்னொரு டம்ளர் குடிக்கறாரு!"ன்னு அவன் கத்தினா வீட்ல எல்லாரும் சிரிப்பீங்க, அந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஊர்ல நாலு பேரு மதிச்ச ஆளு, பேரன் முன்னாடி திருட்டுத்தனமா தண்ணி குடிக்கற மாதிரி ஆயிடும். சின்ன டம்ளரா எடுத்து வைங்க, வாய் கொப்பளிச்சு துப்பட்டும், ஒரே ஒரு ஐஸ்கட்டிய வாயில அடக்கிக்கட்டும், சாப்பாட்டுல உப்பு குறைஞ்சா தாகமும் குறையும்.

கடைசியா, என்ன வாங்கிட்டு போறது. இளநீர் மட்டும் வேணாம். நம்ம ஊர்ல உடம்பு சரியில்லைன்னாலே எல்லாரும் ரெண்டு இளநீரோட வந்து நிப்பாங்க, கிட்னி ஆளுக்கு அதுல இருக்கற பொட்டாசியம் ரத்தத்துல ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திடலாம், நான் சும்மா பயமுறுத்தல. வாழைப்பழம், மாம்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி ஜூஸ் இதெல்லாமும் அதே கதைதான். ஆப்பிள், பேரிக்காய், அன்னாசின்னா ரெண்டு துண்டு, அதுவும் அங்க டயட் சொல்றவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு. அப்புறம் கடையில "லோ சோடியம் உப்பு"ன்னு ஒண்ணு விக்கறாங்க, உப்பு குறைக்கணும்ல நல்லதுன்னு வாங்கிட்டு போயிடாதீங்க, சோடியத்தை எடுத்துட்டு அதுல சேர்க்கறதே பொட்டாசியம்தான். உருளைக்கிழங்கு, கீரையெல்லாம் ஆசைப்பட்டா பொடியா நறுக்கி நிறைய தண்ணில வேக வெச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு கொஞ்சமா கொடுக்கலாமான்னு உங்க கொழுந்தன் சம்சாரத்தையே கேளுங்க, அவளுக்கு இந்நேரம் என்னைவிட நல்லா தெரிஞ்சிருக்கும். கடலைமிட்டாய் பிள்ளைங்களுக்கு. ஊர் கோவில்பட்டி, வாங்காம எப்படி வருவீங்க, ஆனா தாத்தா கைக்கு எட்டற இடத்துல வைக்காதீங்க. அவருக்கு நல்ல பருத்தி வேட்டி ரெண்டு, அரை கை சட்டை, ஊசிக்கு கைய மடக்க வேண்டாம். கொழுந்தன் சம்சாரத்துக்கு ஒரு புடவை, அதை மறந்துடாதீங்க.

திண்டுக்கல்ல இருந்து ஒரு வாசகி: எங்க அம்மாவுக்கு மார்புல கேன்சர், மதுரையில கீமோ ஓடுது, மூணாவது ஏத்தி ஒரு வாரம் ஆகுது. இங்க பெரிய பையனுக்கு சின்னம்மை போட்டு மூணு தண்ணியும் ஊத்தி முடிச்சு நாலு நாள் ஆச்சு. சின்ன பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா ஓடி ஆடறா. தண்ணி ஊத்தியாச்சு, ஆத்தா இறங்கிட்டா, இனி தாராளமா போகலாம்னு மாமியார் சொல்றாங்க. அம்மாவும் பேத்திய பார்க்கணும்னு அழறாங்க. லீவு முடியப்போகுது.

பதில்: போகாதீங்க. பெரியவன விடுங்க, கொப்புளமெல்லாம் காய்ஞ்சு பொருக்கு தட்டிடுச்சுன்னா அவன்கிட்ட இருந்து இனி பரவாது. பிரச்சனை நல்லா ஓடி ஆடற சின்னவகிட்டதான் இருக்கு. அண்ணன்கிட்ட இருந்து அவளுக்கு ஒட்டியிருந்தா வெளிய தெரிய 10 நாள்ல இருந்து 21 நாள் வரைக்கும் ஆகும், அதைவிட மோசம், கொப்புளம் கிளம்பறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்கு பரப்ப ஆரம்பிச்சிடுவா. நீங்க ஊர்ல போயி இறங்கி ரெண்டு நாள் பாட்டி மடியில படுத்துட்டு மூணாவது நாள் முதுகுல ஒரு கொப்புளம்னா என்ன பண்ணுவீங்க? மூணு தண்ணி பெரியவனுக்குத்தான் ஊத்தியிருக்கு, சின்னவளுக்கு இன்னும் கணக்கே தொடங்கல. அண்ணனுக்கு கடைசி கொப்புளம் காய்ஞ்ச நாள்ல இருந்து 21 நாள் எண்ணுங்க, அதுக்கப்புறம் அவளுக்கு ஒண்ணும் வரலைன்னா போகலாம். வந்துடுச்சுன்னா அவளுக்கும் பொருக்கு தட்டி முடியட்டும். தடுப்பூசி போட்டிருந்தா பயம் குறைவு, ஆனா அதையும் அம்மாவ பார்க்கற டாக்டர்கிட்ட சொல்லி அவரு சரின்னா மட்டும்.

உங்க மாமியார்கிட்ட சண்டைக்கு போக வேணாம். வேப்பிலை, தண்ணி ஊத்தறது, கூழு, எல்லாம் அவங்க சொன்னபடியே நடக்கட்டும், அதுக்கும் இதுக்கும் மோதலே இல்ல. கீமோ ஏத்தின பிறகு பொதுவா 7 நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள ரத்தத்துல வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கிடும், உங்க அம்மா இப்ப சரியா அந்த வாரத்துல இருக்காங்க, பிள்ளைக்கு நாலு நாள் அரிப்போட போற அம்மை அவங்களுக்கு நுரையீரல் வரைக்கும் போயிடலாம். சின்ன வயசுலயே வந்தாச்சு இனி வராதுன்னு சொல்வாங்க, கீமோ ஓடற உடம்புக்கு அந்த கணக்க நம்ப வேணாம். ஒருவேளை போன வாரமே உங்க வீட்டு ஆளு யாராவது, முக்கியமா பையன், அவங்கள பார்த்துட்டு வந்திருந்தா இதை படிச்ச உடனே டாக்டருக்கு போன் பண்ணி சொல்லிடுங்க, வராம தடுக்க மருந்து இருக்கு, ஆனா சீக்கிரமா கொடுத்தாதான். பொதுவாவே கீமோ ஓடறவங்களுக்கு ஜுரம் 100.4 தொட்டாலே பாராசிட்டமால் போட்டு காலையில பார்ப்போம்னு இருக்கக் கூடாது, அது எந்த ராத்திரியா இருந்தாலும் கிளம்பிடணும்.

அம்மாவுக்கு முடி கொட்டியிருக்குமே, அதைப் பத்தி நீங்க கேட்கல. நேர்ல போறதுக்கு முன்னாடி வீடியோ கால்ல அம்மாவே ஸ்கார்ஃப் எடுத்து சின்னவளுக்கு காட்டட்டும். திருப்பதிக்கு போயி மொட்டை போட்ட ஆயிரம் பேரை பார்த்து வளர்ற பிள்ளைங்கதானே, ரெண்டு நிமிஷத்துல பழகிடும். கூச்சப்படறது பெரியவங்கதான்.

ஷார்ஜால இருந்து ஒரு வாசகர்: மேடம், எங்களுக்கு ஸ்கூல் லீவு ஜூலை ஆகஸ்ட்லதான். பட்டுக்கோட்டையில அப்பாவுக்கு பிப்ரவரில ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துடுச்சு, இப்ப பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் நடக்கறாரு, ஆனா பேச்சு சரியா வரல, தண்ணி கேட்கணும்னா சாவிங்கறாரு. போன வாரம் வீடியோ கால்ல என் பையனை பார்த்ததும் ஓன்னு அழுதுட்டாரு. அவனுக்கு 11 வயசு, பயந்து போயி இனி நான் தாத்தாகூட பேச மாட்டேங்கறான். ஊருக்கு கூட்டிட்டு போனா மொபைலை வெச்சுக்கிட்டு ரூமுக்குள்ளயே இருந்துடுவானோன்னு இருக்கு.

பதில்: இருப்பான், முதல் ரெண்டு நாள் இருப்பான், விடுங்க. மொபைலை பிடுங்கி தாத்தா பக்கத்துல உக்கார வெச்சா ரெண்டு பேருக்குமே அவஸ்தை.

வலது பக்கம் விழுந்திருக்குன்னா அடி பட்டது மூளையோட இடது பக்கம், பேச்சு பெரும்பாலும் அங்கதான் இருக்கு. தாத்தாவுக்கு தண்ணின்னு மனசுல தெரியும், வாய்க்கு வர்ற வழியில சாவின்னு மாறிடுது, புத்தி மழுங்கிடலன்னு பையனுக்கு புரிய வைங்க. அந்த அழுகையும் அப்படித்தான். ஸ்ட்ரோக் வந்த பல பேருக்கு அழுகையையும் சிரிப்பையும் பிடிச்சு நிறுத்தற பிரேக் தளர்ந்துடும், பாசமா யாரையாவது பார்த்தா, சில சமயம் ஒண்ணுமே இல்லாம, பொத்துக்கிட்டு வரும், ஒரு நிமிஷத்துல நின்னும் போகும். நாம பதறி எல்லாரும் சேர்ந்து "அழாதீங்கப்பா"ன்னு சூழ்ந்துக்கறதாலதான் அது நீளுது. பையன் செய்ய வேண்டியது ஒண்ணும் இல்ல, பேசிக்கிட்டிருந்ததை அப்படியே தொடர்ந்து பேசணும், இல்ல டிவியில ஓடறதை காட்டணும். ஆனா நாள் முழுக்க சோர்வா, சாப்பாடு வேணாம், பயிற்சி வேணாம்னு இருந்தாருன்னா அது வேற, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மனச்சோர்வு நிறைய பேருக்கு வருது, டாக்டர்கிட்ட சொன்னா மாத்திரை இருக்கு.

பேச்சை வெச்சு பழகறது கஷ்டம், அதனால பேச்சு தேவைப்படாத எதையாவது நடுவுல வைங்க. தாயக்கட்டம் கோலம் மாதிரி கீழ வரைஞ்சு விளையாட தாத்தாவால உக்கார முடியாது, டேபிள் மேல கேரம் போர்டு, இடது கையால சுண்டட்டும். ஆடு புலி ஆட்டம் அட்டையில வரைஞ்சுக்கலாம், பட்டுக்கோட்டை பக்கத்து ஆளு, பேரன ரெண்டே ஆட்டத்துல சாய்ச்சிடுவாரு, அப்ப பார்க்கணும் முகத்தை. கேள்வி கேட்டா ஆமா இல்லைன்னு தலையாட்டற மாதிரி கேட்கணும், ஒரு நேரத்துல ஒரு கேள்வி, ஒரு ஆளுதான் பேசணும், பதிலுக்கு பொறுமையா காத்திருக்கணும், வார்த்தைய நாமளே முடிச்சு வைக்கக் கூடாது. இன்னொரு ஆச்சரியம் சொல்றேன், பேச்சு வராத சில பேருக்கு பாட்டு வரும். அவருக்கு சின்ன வயசுல இருந்து மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு எதுன்னு உங்களுக்குத் தெரியும்ல, அதை போட்டு கூடவே எல்லாரும் பாடிப் பாருங்க, ஒண்ணு ரெண்டு வரி முழுசா வந்தாலும் வரும். ஒண்ணு முதல் பத்து வரைக்கும் எண்றதும் அப்படி வரலாம்.

பயிற்சி நேரத்துல பையன எண்ணச் சொல்லுங்க, கையைத் தூக்கறது எத்தனைன்னு. வீட்டுக்கு பிசியோதெரபி வர ஆள் இல்லைன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரையோட பிசியோதெரபியும் வீடு தேடி வர்ற ஏற்பாடு இருக்கு, நிறைய பேரு மாத்திரை மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு கேட்கறதே இல்ல. சாப்பாட்டுல மட்டும் கண்டிப்பா இருங்க, பாசத்துல முறுக்கு, கடலை, மிச்சர்னு பிள்ளைங்க அவரு வாயில போட்டுடும், விழுங்கறதுல கோளாறு இருந்தா அது மூச்சுக்குழாய்க்கு போயிடும். நிமிர்ந்து உக்கார வெச்சு, டிவிய நிறுத்திட்டு, கொஞ்சம் கொஞ்சமா, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்காம. தண்ணி குடிச்சா இருமறாருன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

காரைக்குடி பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி: எனக்கு 71 வயசு. ஹார்ட் பலவீனமா இருக்குன்னு மாத்திரை சாப்பிடறேன், கால் வீங்கும். பெங்களூர்ல இருக்கற மகன் பேரன் பேத்தியோட லீவுக்கு வர்றான். வந்தா சந்தோஷம்தான், யாரு வேணாம்பா? ஆனா போன வருஷம் அவுக போனதுக்கு அப்புறம் பத்து நாள் படுத்தே கிடந்தேன். நாலு வேளையும் பலகாரம் கேக்குதுக, நானும் செய்யாம இருக்க மாட்டேன். இதை மகன்கிட்ட எப்படி சொல்றது, மருமக கோச்சுக்க மாட்டாளா?

பதில்: ஆச்சி, நீங்க சொல்லவே வேணாம், இந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அப்படியே மகனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, திட்டறதா இருந்தா என்னைத் திட்டட்டும். தம்பி, இது உங்களுக்கு: அம்மா முடியலைன்னு வாய் விட்டு சொல்ற ஆளு இல்ல, நீங்களா பார்த்து புரிஞ்சுக்கணும். காலையில இட்லி, மத்தியானம் ஒரு குழம்பு, அவ்வளவுதான் வீட்ல அடுப்பு எரியணும், சமைக்கறது நீங்களும் உங்க சம்சாரமும். கந்தரப்பமும் சீயமும் வேணும்னா காரைக்குடியில காசு கொடுத்தா கிடைக்காததா? அம்மா சேர்ல உக்காந்து பக்குவம் சொல்லட்டும், பேத்தி பிசையட்டும். மத்தியானம் 1 மணியில இருந்து 4 மணி வரைக்கும் அம்மா ரூம் கதவு சாத்தியிருக்கணும், அந்த மூணு மணி நேரம் பிள்ளைங்க உங்க பொறுப்பு. வெளிய கோயில் குளம்னு போறப்ப அம்மாவை வற்புறுத்தி கார்ல ஏத்தாதீங்க, அவங்களுக்கு அதுதான் ஓய்வு நேரம்.

ஆச்சி, உங்களுக்கு: பிள்ளைங்களுக்கு செஞ்ச பலகாரம், வடகம், ஊறுகாய்னு நீங்களும் சேர்ந்து சாப்பிட்டிருப்பீங்க, அந்த உப்புலதான் பாதி படுக்கை. காலையில எழுந்து பாத்ரூம் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி தினமும் எடை பாருங்க, பேரனையே பார்த்து காலண்டர்ல எழுதச் சொல்லுங்க. மூணு நாளைக்குள்ள 2 கிலோ ஏறினாலோ, கால் வீக்கம் மேல ஏறினாலோ, படுத்தா மூச்சு முட்டினாலோ, அவுக ஊருக்கு போகட்டும் அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்காம மகன் கார்லயே டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடுங்க. நீர் மாத்திரைய, விருந்தாளி இருக்காக அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்குன்னு நிறுத்திடாதீங்க, நிறைய பேரு அப்படி பண்றாங்க. மருமக கோச்சுக்கிட்டா ரெண்டு நாள் கோச்சுக்கட்டும், எப்படியும் அவளுக்கும் அந்த கந்தரப்ப பக்குவம் வேணும்ல, வந்து உக்காருவா.